மணி அடித்த பிறகும் ஏன் எரித்தாள்? கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி எபிசோடுகள் (ஸ்பாய்லர் முழுசா உண்டு)

#1 வைகைக்கரை

சித்தப்பா மகன் கல்லூரி லீவுக்கு வந்திருக்கிறான். அவன் சாக்கில் நானும் இந்த ஆங்கில டிராகன் சீரியலை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். மொத்தம் 73 எபிசோடு. முதல் சில சீசன்களை மாடி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்த்தோம். ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடைசி சீசனுக்கு ஹாலுக்கு இறங்கினோம், ரிமோட் என் கையிலேயே இருந்தது. அப்பத்தாவும் வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது எபிசோடுக்கு, அதாவது அந்த இருட்டுச் சண்டைக்கு, ஜன்னலில் போர்வை கட்டித்தான் பார்க்க முடிந்தது. அப்பத்தாவுக்கு அது பிடிக்கவில்லை, "கரண்டு போயிருச்சா?" என்று இரண்டு தடவை கேட்டது. ஐந்தாவதுதான் விஷயம். தலைநகரம் கிங்ஸ் லேண்டிங்கில் படைகள் வாளைக் கீழே போடுகின்றன. சரணடைகிறோம் என்று மணியை அடிக்கச் சொல்லிச் சனம் கத்துகிறது. மணி அடிக்கிறது. படையெடுத்து வந்த ராணி டெனேரிஸ் மதில் மேல் டிராகனோடு உட்கார்ந்து கோட்டையைப் பார்க்கிறாள், முகம் கோணுகிறது, பறக்கிறாள், எரிக்கிறாள். அதுவரை சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா கையை நிறுத்திவிட்டது.

"மணிதான் அடிச்சாச்சுல்ல? பெறகு எதுக்கு எரிக்கிறா?"

நான் பின்கதை எல்லாம் சொன்னேன். பைத்தியக்கார ராஜாவின் மகள், தோழியைக் கண் முன்னால் வெட்டினார்கள், இரண்டு டிராகன் செத்தது, காதலன் ஜான் விலகிப் போனான். எல்லாம் கேட்டுவிட்டு அப்பத்தா சொன்னது: "நம்ம ஊரை எரிச்சவளும் எரிச்சா. ஆனா மொதல்ல போயி நாயம் கேட்டா."

அங்கேயே மாட்டிக்கொண்டேன். 2019இல் பார்த்தபோது டெனேரிஸ் கெட்டவளாகிவிட்டாளே என்று கோபம். இப்போது அந்தக் கோபம் இல்லை, ஊரை எரிக்கும் பெண் மதுரைக்காரனுக்குப் புதிதா என்ன? ஆனால் கண்ணகி நேரே எரிக்க வரவில்லை. வாயிற்காவலனிடம் சொல்லி அனுப்புகிறாள், அரசன் முன்னால் வழக்குப் பேசுகிறாள், சிலம்பை உடைக்கிறாள், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். அரசன் தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டு செத்து விழுகிறான். அதற்கப்புறம்தான் தீ. அந்தத் தீக்கும் ஒரு பட்டியல் கொடுக்கிறாள்: கிழவர்களை விடு, குழந்தைகளை விடு, பசுவை விடு, அறவோரையும் பத்தினிகளையும் விடு, தீயவர் பக்கம் மட்டும் போ.

சீரியலில் எரித்தது தப்பில்லை. எரிக்கிறதுக்கு முன்னால் இருக்க வேண்டிய ஒரு காட்சி இல்லை என்பதுதான் என் குறை. சொல்லுங்கள்.

#2 திருமங்கலம் டிராகன்

அண்ணே, அந்தக் காட்சி எட்டு வருஷமாக ஓடியது, நாமதான் விசிலடித்துக்கொண்டே பார்த்தோம்.

நான்காவது சீசனில் மிரீன் நகரத்துக்குப் போகும் வழியில் 163 அடிமைக் குழந்தைகளை மரத்தில் அறைந்து வைத்திருந்தார்கள். ஊரைப் பிடித்ததும் பதிலுக்கு அதே கணக்கில் 163 எஜமானர்களை அறைந்தாள். அதில் யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று விசாரித்தாளா? ஒருத்தனுடைய மகன் வந்து என் அப்பா அதை எதிர்த்துப் பேசியவர் என்று அழுதான். அப்போது நாம் "மாஸ்" என்று ஸ்டேட்டஸ் போட்டோம். ஏழாவது சீசனில் அடிபணிய மறுத்த டார்லி அப்பனையும் மகனையும் நிற்க வைத்து எரித்தாள். அப்போதும் மாஸ். கடைசி எபிசோடில் அவளுடைய மந்திரி டிரியன் ஜெயிலில் உட்கார்ந்து ஜானிடம் இதைத்தானே சொல்கிறான், அவள் போகிற இடமெல்லாம் கெட்டவர்கள் சாகிறார்கள், நாம் கைதட்டுகிறோம், அதனால் அவளுக்குத் தான் நல்லவள் என்ற நம்பிக்கை ஏறிக்கொண்டே போகிறது என்று. அந்தப் பேச்சு டிரியன் ஜானுக்குச் சொன்னதில்லை, நமக்குச் சொன்னது.

இன்னொன்று. இரண்டாவது சீசன் கடைசியில் மந்திரவாதிகள் வீட்டில் அவளுக்கு ஒரு காட்சி தெரிகிறது. கூரை பிய்ந்த சிம்மாசன மண்டபம், மேலிருந்து வெள்ளையாக ஏதோ கொட்டுகிறது. பனி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஏழு வருஷம் கழித்துத்தான் தெரிகிறது, அது சாம்பல். அந்தக் காட்சியில் சிம்மாசனத்தைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொள்வாள். கடைசி எபிசோடில் தொட்டுவிடுகிறாள், தொட்ட கொஞ்ச நேரத்தில் செத்தும் போகிறாள். இதை விட முன்கூட்டி எப்படிச் சொல்வது?

மணிக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அதே இரண்டாவது சீசனில் அதே தலைநகரத்தைத் தாக்கும் பிளாக்வாட்டர் சண்டையின்போது கப்பல்காரர் டாவோஸ் சொல்கிறார், மணி அடித்தால் சரணடைகிறார்கள் என்று தனக்குத் தெரிந்து அர்த்தமே கிடையாது என்று. அந்த ஊரில் மணிக்கு அர்த்தம் மாறியதே எட்டாவது சீசனில்தான்.

#3 தெப்பக்குளத்து ஆமை

அந்த டாவோஸ் வசனத்தை எழுதியவர்களுக்கே ஞாபகம் இருந்திருக்காது தம்பி. டெனேரிஸ் கடலில் நிற்கும் எதிரிக் கப்பல்களை மறந்துவிட்டாள் என்று தயாரிப்பாளரே பேட்டியில் சொன்னாரே, அந்தக் குடும்பம்தானே.

எனக்குப் பெரிய தத்துவமெல்லாம் வேண்டாம். கணக்கு மட்டும் பார்க்கிறேன். முதல் ஆறு சீசனும் பத்துப் பத்து எபிசோடு. ஏழாவது ஏழு. எட்டாவது ஆறு. இரண்டு கடைசி சீசனும் சேர்த்துப் பதிமூன்று. ஒருத்தி மனம் மாறுவதற்கு இடம் இல்லை, ஆனால் ஜானின் தங்கை ஆர்யா வெள்ளைக் குதிரை மேல் ஏறுவதற்கு இடம் இருந்தது. நாலாவது எபிசோடில் காபி கப், கடைசியில் ஜானின் நண்பன் சாம் கால் பக்கத்தில் தண்ணீர் பாட்டில். நம்ம ஊர்க் கல்யாண வீடியோவில்கூட மேடையில் கிடக்கும் பாட்டிலை யாராவது எடுத்து வைத்துவிடுவார்கள்.

மறுபடி எடுங்கள் என்று 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அதே சீசனுக்கு அமெரிக்க டிவி விருதான எம்மிக்கு 32 பரிந்துரை, 12 விருது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

#4 பரோட்டா சால்னா

எனக்கு அந்தச் சபைக் காட்சிதான் தாங்கவில்லை. அடுத்த ராஜா யார் என்று பெரிய மனிதர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். எட்மியூர் எழுந்து தொண்டையைச் செருமிப் பேச ஆரம்பிக்கிறார். ஜானின் இன்னொரு தங்கை சான்சா, "மாமா, உட்காருங்க." அவரும் உட்கார்ந்துவிடுகிறார், வாள் வேறு எதிலோ இடித்துக்கொள்கிறது.

எட்மியூர் யார்? அவள் அம்மாவின் தம்பி. தாய்மாமன்! நம்ம பக்கம் காதுகுத்தில் தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாது. மாமன் சீர்த் தட்டு தெருமுனை திரும்பும் வரை பந்தியே ஆரம்பிக்க மாட்டார்கள். அந்தத் தாய்மாமனைச் சபையில் எழுந்து நிற்கும்போது உட்காரச் சொன்னால் உசிலம்பட்டியில் அரிவாள் எடுத்திருப்பார்கள். இங்கே எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், வீட்டில் என் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவர் சிரிக்கவில்லை.

அப்புறம் சாம் எழுந்து, ஊர் சனம் எல்லோரையும் கேட்டு ராஜாவைத் தேர்ந்தெடுக்கலாமே என்கிறான். குதிரையையும் நாயையும் கேட்கலாமா என்று கேலி செய்கிறார்கள். அந்த எபிசோடு வந்தது 2019 மே 20. நம்ம நாட்டில் ஓட்டு எண்ணியது மே 23. நடுவில் மூன்று நாள் அந்தக் கேலியை மீமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

#5 வைகைக்கரை

அந்த வருஷம் எல்லாமே ஒன்றாக வந்தது ஞாபகம் இருக்கிறதா? முதல் எபிசோடு நமக்கு ஏப்ரல் 15 காலையில், அதே நாள் ராத்திரி கோயிலில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். 18ஆம் தேதி தேரோட்டம், அன்றைக்கே ஓட்டு. திருவிழாவுக்காக மதுரைக்கு மட்டும் ராத்திரி எட்டு மணி வரை ஓட்டுப் போட விட்டார்கள். 19ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்கினார். நான் தல்லாகுளத்தில் எதிர்சேவைக் கூட்டத்தில் நின்றுகொண்டு, இரண்டாவது எபிசோடில் யார் சாவார் என்று பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தீர்த்தப் பையோடு நின்ற பெரியவர், "யாருக்குப்பா உடம்பு சரியில்ல?" என்று விசாரித்தார்.

#6 மேலமாசி

சான்சா வடக்கின் ராணியாக முடிசூடுவது எனக்கு அந்தப் பட்டாபிஷேகம் மாதிரியேதான் இருந்தது. மீனாட்சி செங்கோல் வாங்கிச் சித்திரையிலிருந்து ஆவணி வரை தனி ஆட்சி. கல்யாணத்துக்கு முன்னாலேயே ராணி, கல்யாணத்தால் ராணி இல்லை. சான்சாவுக்குப் பக்கத்திலும் ஆள் கிடையாது, அவளுக்குக் கிடைத்த கல்யாணம் எல்லாமே வினைதான். அந்த ஒரு முடிவில் எனக்குக் குறையே இல்லை. (வடக்கு தனியாகப் போகலாம் என்றால் டோர்னும் இரும்புத் தீவும் ஏன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன என்று ஆமை கேட்பார். கேளுங்கள், எனக்கும் பதில் தெரியாது.)

நான் சொல்ல வந்தது ஜானின் பிறப்பு ரகசியம். அதைப் பயன்படுத்தாமல் வீணடித்துவிட்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆறாவது சீசன் முடிவில் குழந்தையைக் காட்டினார்கள், ஏழாவது முடிவில் அவன் டெனேரிஸின் அண்ணன் மகன், ஈகான் டார்கேரியன் என்று பெயரைச் சொன்னார்கள், எட்டாவதில் அவன் ராஜாவாகவே இல்லை, அப்புறம் எதற்கு அந்த ரகசியம் என்று.

கர்ணன் கதை தெரிந்தவர்கள் இதைக் கேட்கலாமா? கர்ணனும் பிறப்பு தெரிந்தபின் ராஜாவாகவில்லை. கண்ணனிடம் அவன் என்ன கேட்டான்? இதைத் தருமனிடம் சொல்லிவிடாதே, தெரிந்தால் அவன் ராஜ்ஜியத்தை என் காலடியில் வைத்துவிடுவான் என்றான். ரகசியம் வாயை விட்டு வெளியே போகக் கூடாது என்று கட்டிப்போட்டான். ஜானிடமும் டெனேரிஸ் அதையேதான் கெஞ்சினாள், யாரிடமும் சொல்லாதே, உன் தங்கைகளிடமும் சொல்லாதே என்று. இவனால் பொய் சொல்ல முடியாது. சொன்னான். சான்சாவிடமிருந்து டிரியனுக்கு, டிரியனிடமிருந்து உளவு மந்திரி வேரிஸுக்கு, வேரிஸ் ஊருக்கெல்லாம் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டான். நாலாவது எபிசோடு முழுக்க ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு அந்தச் செய்தி நடந்து போவதுதான் கதை.

கர்ணன் வாயைக் கட்டினான், அதனால் அவன் செத்தான். ஜான் வாயைத் திறந்தான், அதனால் அவள் செத்தாள், கூடவே ஒரு ஊரும். ரகசியம் வேலை செய்தது. நாம் எதிர்பார்த்த வேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

#7 திருமங்கலம் டிராகன்

அக்கா, இதை நான் எங்கள் குரூப்பில் போடப் போகிறேன். உங்கள் பெயரோடு.

#8 மேலமாசி

பெயர் வேண்டாம் தம்பி. பிள்ளைகள் பார்த்தால் டீச்சர் டிராகன் சீரியல் பார்க்கிறார் என்று கிளாஸில் சொல்லிக் காட்டுவார்கள்.

#9 மூன்று கண் அண்டங்காக்கை

எல்லோரும் டெனேரிஸையும் ஜானையும் பிடித்துத் தொங்குகிறீர்கள். கடைசி எபிசோடின் உண்மையான ரகசியத்தை ஒருத்தரும் தொடவில்லையே? முன்னும் பின்னும் பார்க்கத் தெரிந்த, ஜானின் தம்பி பிரானைக் கேட்கிறார்கள், ராஜாவாக இருக்கச் சம்மதமா என்று. அவன் சொன்ன பதில்: இவ்வளவு தூரம் வேறு எதற்கு வந்தேன் என்று நினைக்கிறீர்கள்.

இதை வைத்துப் பின்னால் நடந்து பாருங்கள். ஜானிடம் பிறப்பைச் சொல்லச் சொல்லி சாமை நெருக்கியது யார்? பிரான். முதல் எபிசோடிலேயே, இதுதான் நேரம் என்று. கத்தியை ஆர்யா கையில் கொடுத்தது யார்? பிரான். முதல் சீசனில் அவனைக் கொல்ல ஆள் அனுப்பினார்களே, அதே கத்தி. பிணப் படையின் தலைவன் நைட் கிங்கைக் கொன்றதும் அதே. போருக்கு முன்னால் டிரியனின் அண்ணன் ஜேமி, இது முடிந்த பிறகு என்ன என்று கேட்டபோது, முடிந்த பிறகு என்று ஒன்று இருக்கிறது என உனக்கு எப்படித் தெரியும் என்றான். தெரிந்தவன் பேசும் பேச்சு.

குறி சொல்லும் மெலிசாண்டரும் இப்படித்தான். மூன்றாவது சீசனில் ஆர்யாவிடம், நீ மூடப் போகும் கண்கள் இவை என்று பழுப்புக் கண், நீலக் கண், பச்சைக் கண் என்று வரிசை சொன்னாள். எட்டாவதில் நைட் கிங்கின் கண் நிறமான நீலத்தைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். எழுதியவர்கள் பிற்பாடு சரி செய்தார்கள் என்பது வேறு. கதைக்குள் பார்த்தால், குறி சொல்பவர்கள் நடக்கிறதைப் பார்த்து வார்த்தையைத் திருப்பிக்கொள்வார்கள். நம்ம ஊர்க் குடுகுடுப்பைக்காரர் செய்யாததா.

என் கேள்வி இது. பிரானுக்கு முன்னும் பின்னும் தெரியும் என்றால், தலைநகரம் எரியப் போகிறது என்பதும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எரிந்து முடிந்ததும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான் (சக்கர நாற்காலி, அவனே கொண்டுவந்தது, சரி). அப்படியானால் யார் வில்லன்?

#10 தெப்பக்குளத்து ஆமை

பிரானாக நடித்த பையனே திரைக்கதையைப் படித்துவிட்டு, யாரோ விளையாட்டுக்கு எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். வில்லனுக்கே தெரியாத வில்லத்தனம்.

ஆனால் பிரான் ராஜா என்பது சீரியல்காரர்கள் கட்டியது இல்லை, நாவல்காரர் சொன்னதுதான் என்கிறார்கள். பிரானைச் சுமந்து திரிந்த ஹோடார் விஷயமும் அப்படித்தான். 2016இல் அந்தக் கதவு எபிசோடு வந்தபோது நான் அழுதேன், ஒத்துக்கொள்கிறேன். பிரான் பழைய காலத்துக்குள் எட்டிப் பார்த்து ஒரு நல்ல பையனின் மூளையை உடைத்து ஆயுசுக்கும் ஒற்றை வார்த்தையோடு விட்டுவிட்டான். அண்டங்காக்கை சொல்வதற்கு அதுதான் உண்மையான சாட்சி. அதற்கு அவன் கடைசிவரை ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை.

#11 மேலமாசி

அண்டங்காக்கையின் கேள்விக்கு நம்ம ஊரிலேயே ஒரு ஆள் இருக்கிறார், மதுராபதி. மதுரையின் காவல் தெய்வம்.

ஊர் எரிகிறபோது கண்ணகிக்கு எதிரே வரத் தயங்கிப் பின்னால் வந்து நின்று பேசுவாள். என்ன சொல்கிறாள்? பாண்டியன் கெட்டவன் இல்லை. இது முன்வினை. கோவலன் போன பிறவியில் பரதன் என்ற பெயரோடு சிங்கபுரத்தில் இருந்தான், சங்கமன் என்ற வியாபாரியை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான், சங்கமன் மனைவி நீலி பதினாலு நாள் அலைந்து அழுது சாபம் கொடுத்தாள், அது வந்து முடிந்தது. இன்னொன்றும் சொல்கிறாள்: ஆடி மாதம், தேய்பிறை அஷ்டமி, வெள்ளிக்கிழமை, மதுரை எரியும் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது.

கிளைமாக்ஸ் முடிந்தபின் ஃபிளாஷ்பேக். தேதி போட்ட ஸ்பாய்லரும் இருந்திருக்கிறது. தெரிந்திருந்தும் தெய்வம் நிறுத்தவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள், அவள் வந்து சொல்கிறாள். பாதிக்கப்பட்டவளின் பின்னால் நின்றாவது, ஏன் நடந்தது என்று கணக்கை ஒப்படைக்கிறாள். பிரான் யாரிடமும் எதையும் ஒப்படைக்கவில்லை. முதல் மந்திரிசபைக் கூட்டத்தில் டிராகன் எங்கே என்று கேட்டான், தேடிப் பார்க்கிறேன் என்று போய்விட்டான்.

#12 புதுசு மேலூர்

எல்லோருக்கும் வணக்கம். நான் இப்போதுதான் மூன்றாவது சீசன் எட்டாவது எபிசோடு முடித்தேன். சான்சாவின் அண்ணன் ராப் சூப்பர். அடுத்த எபிசோடில் அவன் மாமா எட்மியூருக்குக் கல்யாணம் போலிருக்கிறது? கதை ஜாலியாகப் போகிறது.

#13 பரோட்டா சால்னா

தம்பி, தலைப்பில் ஸ்பாய்லர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, அதைத் தாண்டி எப்படி வந்தாய்? சரி வந்துவிட்டாய். அந்தக் கல்யாணத்துக்குப் போகிறபோது மொய்க் கவர் கொண்டு போகாதே. சாப்பிட்டுவிட்டுப் பார்க்க உட்காராதே.

#14 நிர்வாகி

புதுசு மேலூர், தயவுசெய்து வெளியே போய் முதல் பக்கத்தில் இருக்கும் "இன்னும் பார்க்காதவர்கள்" இழையில் எழுதுங்கள். பரோட்டா, நீங்களும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

#15 புதுசு மேலூர்

நான் ஒன்றும் படிக்கவில்லை. தாய்மாமன் கதை மட்டும் படித்தேன். போகிறேன்.

#16 திருமங்கலம் டிராகன்

ஸ்பாய்லர் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊர்த் திருவிழாவில் வருஷா வருஷம் வள்ளி திருமணம் நாடகம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிய விடிய. கடைசியில் வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் என்று தெரியாத ஆள் பந்தலில் கிடையாது. ஆனாலும் தர்க்கத்துக்கு மட்டும் விடிகாலை மூன்று மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருவார்கள். முடிவுக்காக யாரும் காத்திருப்பதில்லை, வள்ளி எப்படி மடக்குவாள், வேடன் எப்படித் திருப்பி அடிப்பான் என்பதுதான். எட்டாவது சீசனின் வியாதி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ரகசியத்தை ஒளித்து வைக்கத் தர்க்கத்தை வெட்டிவிட்டார்கள். வைகைக்கரை அண்ணனுடன் நான் பாதி ஒத்துப்போகிறேன், முழுசா இல்லை.

#17 மேலமாசி

நானும் முழுசா இல்லை. வைகைக்கரை தம்பி, கண்ணகி பட்டியல் கொடுத்தாள் என்று முதல் பதிவில் பெருமையாக எழுதியிருந்தீர்கள். அதற்கப்புறம் நடந்ததை விட்டுவிட்டீர்கள்.

நெடுஞ்செழியன் செத்தபின் கொற்கையிலிருந்த வெற்றிவேல் செழியன் பட்டத்துக்கு வருகிறான். நாட்டில் மழை இல்லை, நோய். கண்ணகியைச் சாந்தி செய்ய ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான். மழை பெய்தது என்று எழுதியிருக்கிறது. தப்பு செய்தது ஒரு பொற்கொல்லன். செத்தது ஆயிரம் பேர். அவர்களுக்கு வழக்கு உண்டா, வாயிற்காவலன் உண்டா? என் வகுப்பில் இதை நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள், அவள் அப்பா தெற்காவணி மூல வீதியில் நகைப்பட்டறை வைத்திருப்பவர். "அந்த ஆயிரம் பேரில் எல்லோருமா மிஸ் திருடன்?" நான் பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே நின்றேன்.

ஆகவே நம்ம கதையில் நியாயம் இருந்தது, அவர்கள் கதையில் இல்லை என்று அவ்வளவு சுலபமாகக் கோடு கிழிக்க முடியாது.

#18 வைகைக்கரை

அக்கா, நேற்றிலிருந்து இதற்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போகிறேன். ஆயிரம் பொற்கொல்லர் விஷயத்தை நான் எங்கேயோ படித்திருக்கிறேன், படித்ததும் மறந்திருக்கிறேன். வசதியாக.

என் வாதத்தைக் கொஞ்சம் நகர்த்துகிறேன். எரிப்பதற்கு முன்னால் ஒரு காட்சி இல்லை என்றேன். அதை டிராகன் தம்பி உடைத்துவிட்டான், எட்டு சீசனும் அந்தக் காட்சிதான் என்று. சரி. ஆனால் எரித்த பிறகு? கடைசி எபிசோடில் டிரியன் சாம்பலில் நடக்கிறான், செங்கல்லை விலக்கி அண்ணனையும் அக்காவையும் பார்க்கிறான். (நாலடி தள்ளி நின்றிருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள், அதை விடுங்கள்.) ஜான் சிம்மாசன மண்டபத்தில் அவளை முத்தமிட்டபடியே குத்துகிறான். டிராகன் வந்து மோந்து பார்க்கிறது, ஜானை விட்டுவிட்டு நாற்காலியை உருக்குகிறது, அவளைத் தூக்கிக்கொண்டு போகிறது. உடம்பு சிலிர்த்தது. அதற்கு அடுத்த காட்சி என்ன? டிரியனுக்குத் தாடி வளர்ந்திருக்கிறது. வாரக்கணக்காகிவிட்டது.

நடுவில் என்ன நடந்தது? பிணம் இல்லை, டிராகன் கொண்டுபோய்விட்டது. சாட்சி இல்லை. தரையில் ரத்தம். ஜான் வெளியே வந்து அவளுடைய தளபதி கிரே வோர்மிடம் நான்தான் கொன்றேன் என்று தானே சொல்லியிருக்க வேண்டும், பொய் சொல்லத் தெரியாதவன். சரணடைந்தவர்களையே வரிசையாக முட்டி போட வைத்துக் கழுத்தறுத்துக்கொண்டிருந்த கிரே வோர்ம், தன் ராணியைக் கொன்றவனை ஏன் விட்டான்? கத்தியை ஓங்கி நிறுத்தினானா? யார் தடுத்தார்கள்? அந்தக் காட்சிதான் வழக்குரை. அரசன் முன்னால் சிலம்பை உடைப்பது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அதைத்தான் வெட்டிவிட்டு நேரே சபைக்கும் தாய்மாமனுக்கும் போய்விட்டார்கள்.

இருக்கிற காட்சியை விட இல்லாத அந்தக் காட்சியைத்தான் இப்போது அதிகமாக யோசிக்கிறேன்.

#19 மூன்று கண் அண்டங்காக்கை

அந்தக் காட்சியை எடுத்திருந்தால் பிரானை ராஜாவாக்கும் பேச்சே நின்றிருக்காது. ஜான் குற்றத்தை ஒப்புக்கொண்டு நிற்கும்போது, அவன்தான் உண்மையான வாரிசு என்று ஒருத்தராவது சொல்லியிருப்பார்கள். அதைத் தவிர்க்கத்தான் தாடி வளர்ந்தது.

#20 தெப்பக்குளத்து ஆமை

கண்ணகி கிழக்கு வாசலில் புருஷனோடு வந்தேன், மேற்கு வாசலில் ஒற்றையாய்ப் போகிறேன் என்று அழுதுகொண்டே வெளியேறுவாள் இல்லையா. கீழவாசல் ஸ்டாப்பில் இறங்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். (யாராவது சண்டைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்: இன்றைய கீழவாசல் நாயக்கர் கோட்டை வாசலின் பெயர், பாண்டியன் காலத்தது இல்லை. அந்தக் கோட்டையையும் 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார், வெளி வீதிகள் அப்படி வந்தவை.)

ஜானும் அப்படித்தான் போகிறான். முதல் எபிசோடின் முதல் காட்சி வடக்கு எல்லைச் சுவரின் கதவு திறந்து மூன்று பேர் வடக்கே போவது. கடைசி எபிசோடில் அதே மாதிரி கதவு திறந்து ஜான் வடக்கே போகிறான், கதவு பின்னால் மூடுகிறது. பனியில் ஒரு பச்சை முளை. குறை சொல்லியே பழகிய எனக்கு அந்த ஒரு இடத்தில் குறை சொல்ல வரவில்லை. தன் ஓநாய் கோஸ்டைத் தடவிக் கொடுத்தான் என்பதற்காகவாவது பாதி மார்க் போடலாம்.

#21 பரோட்டா சால்னா

ஆமை மார்க் போட்டுவிட்டார். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

#22 வைகைக்கரை

நேற்று அப்பத்தாவை சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போயிருந்தேன். உள்ளே கண்ணகிக்கும் சன்னதி உண்டு, தெரியும்தானே. சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பி வரும்போது ஆட்டோவில் திடீரென்று கேட்டது:

"அன்னைக்கு அந்தப் படத்துல மணி அடிச்சானே, அவன் என்ன ஆனான்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டெனேரிஸ் முகம் ஞாபகம் இருக்கிறது, ஆர்யா முகத்தில் அப்பிய சாம்பல் ஞாபகம் இருக்கிறது, பச்சையாக வெடித்த தீகூட ஞாபகம் இருக்கிறது. கயிற்றைப் பிடித்து இழுத்தவனைப் பற்றி மூன்று தடவை பார்த்தும் நான் யோசித்ததே இல்லை. இன்றைக்கு ராத்திரி சித்தப்பா மகன் ஊருக்குக் கிளம்புகிறான், அவனை மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டு வந்து ஐந்தாவது எபிசோடை மறுபடி போட்டுப் பார்க்கிறேன். யாராவது அதற்கு முன்னால் பார்த்தால் நிமிஷக் கணக்கோடு இங்கே எழுதுங்கள். அப்பத்தா காலையில் கேட்கும்.